புளியரைக்கு அப்பால் படிக்கப் போகலாமா?

(கடையநல்லூரில் மாணவர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிள்ளை பன்னிரண்டாம் வகுப்புக்கு வந்துவிட்டால் வீட்டில் பேச்செல்லாம் கல்லூரியைப் பற்றியதாகிவிடுகிறது. குற்றாலமா, பாளையங்கோட்டையா, மதுரையா, கையில் வசதி இருந்தால் சென்னையா, கோவையா என்று அது நீளும். டெல்லிப் பல்கலைக்கழகம், ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம், அலிகார், திருவனந்தபுரம் போன்ற பெயர்கள் அந்தப் பேச்சில் அரிதாகவே வருகின்றன. வந்தாலும், ‘அவ்வளவு தூரமா, வேண்டாம்’ என்று ஒரு பக்கம் முடித்துவிடுவார்கள். ‘பெரிய யூனிவர்சிட்டி, கிடைத்தால் விடக் கூடாது’ என்று இன்னொரு பக்கம் முடித்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் முடிவு இருக்கிறது, யோசனை இல்லை. வெளிமாநிலத்தில் உள்ள ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சேருவதா வேண்டாமா என்பதை எதை வைத்துத் தீர்மானிப்பது? இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த ஒரு கேள்வியைத்தான். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தின் பெயரையும் ஊரின் தூரத்தையும் சற்று ஒதுக்கி வையுங்கள். பிள்ளை சேரப்போகும் துறை, தங்கப்போகும் விடுதி, பட்டம் கைக்கு வரும்வரை ஆகும் முழுச் செலவு ஆகிய மூன்றையும் பாருங்கள். மூன்றும் சரியாக அமைந்தால் இரண்டாயிரம் கிலோமீட்டர் ஆனாலும் அனுப்பலாம். ஒன்று இடறினாலும் பக்கத்தில் உள்ள நல்ல கல்லூரியே மேல். மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் சேர்க்கை வழி வேறு. அவற்றை விட்டுவிட்டு, கலை, அறிவியல், வணிகவியல், மொழிப் படிப்புகளைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் தூரம். ‘வெளிமாநிலம்’ என்ற சொல்லுக்குச் சென்னையில் இருப்பவர் கொள்ளும் பொருள் வேறு, கடையநல்லூரில் இருப்பவர் கொள்ள வேண்டிய பொருள் வேறு. இங்கிருந்து தென்காசி, செங்கோட்டை தாண்டினால் புளியரை. அதற்கு மேல் கேரளம். திருவனந்தபுரம் இங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டர்தான். நம் தலைநகரமான சென்னையோ ஏறத்தாழ 600 கிலோமீட்டர். செங்கோட்டையே 1956 நவம்பர் 1 வரை எல்லைக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர்தான். இந்தச் சீமையின் படிப்பாளிகள் மலையைத் தாண்டிப் போய்வந்தவர்கள். பாளையங்கோட்டைப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்த எஸ். வையாபுரிப் பிள்ளை சட்டம் படித்தது திருவனந்தபுரத்தில். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பதிப்பித்து முடித்தவர் அவர். நம் மாவட்டப் பிள்ளைகளின் பட்டச் சான்றிதழில் அச்சாகும் மனோன்மணீயம் சுந்தரனாரும் திருவனந்தபுரத்து மகாராஜா கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர். எட்டயபுரத்துச் சுப்பிரமணிய பாரதி தந்தையை இழந்த 1898இல் காசிக்குப் போனார். நான்கு ஆண்டுகள் அங்கே தங்கி, இந்தியும் சமஸ்கிருதமும் கற்று, அலகாபாத் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறி, 1902இல் எட்டயபுரம் திரும்பினார். அவர் பின்னால் எழுதியதில் இந்த நாடு முழுவதும் ஒரே வீடாகத் தெரிவதற்கு அந்த நான்கு ஆண்டுகளும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன். மாநில எல்லையைத் தாண்டிப் படிப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்று காட்டவே இவர்களைச் சொன்னேன். இவர்கள் போனதால் நீங்களும் போக வேண்டும் என்று ஆகிவிடாது.

தூரத்தைப் பற்றி இந்த ஊருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். தறியை விட்டுவிட்டுக் கப்பலேறிய தலைமுறை ஒன்று இங்கே இருந்தது. சிங்கப்பூருக்கும் மலேயாவுக்கும் போனார்கள். பிறகு வளைகுடா நாடுகளுக்குப் போனார்கள். சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941இல் தொடங்கப்பட்டது. போர் முடிந்த மறு ஆண்டே, 1946இல், அந்தச் சங்கம் அங்கே உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியை நிறுவியது. அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடந்தது. இன்றும் சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் என்று அந்தப் பெயர் நிற்கிறது. பிழைக்கப் போனவர்கள், போன இடத்தில் பள்ளிக்கூடம் கட்டினார்கள். அப்படிப்பட்ட ஊர், சம்பாதிக்கப் போவதற்குக் கடலையும் தூரமாக நினைக்காமல், படிக்கப் போவதற்கு மட்டும் விந்திய மலையைத் தூரமாக நினைப்பது ஏன் என்று கேட்டுப்பார்க்க வேண்டும். ஒரு காரணம் எனக்குத் தெரிகிறது. வெளிநாட்டு வேலை என்றால் எதை விசாரிப்பது என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். விசா எந்தக் கம்பெனி பேரில் வருகிறது, தங்க இடம் அவர்கள் தருகிறார்களா, சாப்பாடு போக மாதம் கையில் எவ்வளவு நிற்கும், அங்கே நம்மவர் யார் இருக்கிறார்கள் என்று கேட்காமல் யாரும் பாஸ்போர்ட்டைக் கொடுப்பதில்லை. படிப்புக்கு அப்படி ஒரு விசாரணை முறை நம்மிடம் உருவாகவில்லை. விசாரிக்கத் தெரியாத விஷயத்தில் அச்சமும் வரும், மயக்கமும் வரும். விசாவுக்குக் கேட்கிற அதே கேள்விகளைப் பல்கலைக்கழகத்திடமும் கேளுங்கள் என்பதுதான் என் வாதத்தின் சாரம்.

அந்த விசாரணையை நியாயமாகத் தொடங்க வேண்டுமானால், வீட்டில் இருக்கும் செல்வத்தை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். உயர்கல்விக்குப் போகும் வயதில் உள்ளவர்களில் எத்தனை பேர் கல்லூரியில் சேருகிறார்கள் என்பதை ஒன்றிய அரசின் உயர்கல்விக் கணக்கெடுப்பு ஆண்டுதோறும் சொல்கிறது. 2021-22ஆம் ஆண்டுக் கணக்கில் இந்திய அளவில் அது நூற்றுக்கு 28.4, தமிழ்நாட்டில் 47. இது தற்செயலாக வந்ததல்ல. ஊருக்கு ஊர் கல்லூரி, இட ஒதுக்கீடு, முதல் தலைமுறைப் பட்டதாரிக்குக் கட்டணச் சலுகை, இலவசப் பேருந்துப் பயண அட்டை என்று பல தலைமுறையாகக் கட்டப்பட்டது. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923 முதல் இருக்கிறது. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971 முதல் இருக்கிறது. மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் 1990இல் வந்தது. மத்தியப் பல்கலைக்கழகம்தான் வேண்டும் என்பவருக்கும் திருவாரூரில் 2009 முதல் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் கல்லூரியே இல்லாமல் ஒரு பிள்ளை டெல்லிக்குப் போவது வேறு. இத்தனையும் இருக்கும்போது போவது வேறு. இத்தனையும் விட்டுவிட்டு ஏன் வர வேண்டும் என்பதற்கு வெளியே உள்ள பல்கலைக்கழகம்தான் பதில் சொல்ல வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு அதன் மேல்தான் இருக்கிறது.

பெயர் பெற்ற இடத்தில் படித்தாலே வாழ்க்கை உயர்ந்துவிடும் என்ற நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியல் ஆய்வாளர்கள் 1976இல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்கால வருமானத்தை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டார்கள். மிகக் கடினமான போட்டியில் இடம் தரும் கல்லூரிகளில் படித்தவர்களையும், அதே தகுதியோடு அத்தகைய கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து இடமும் பெற்று, ஆனால் அவ்வளவு பெயரில்லாத கல்லூரிகளில் சேர்ந்தவர்களையும் ஒப்பிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் இரு கூட்டத்தாரின் வருமானத்திலும் பெரிய வேறுபாடு இல்லை. உழைப்பும் திறமையும் உள்ள பிள்ளை எங்கே படித்தாலும் மேலே வருகிறது என்று அதற்குப் பொருள். ஆனால் அந்த ஆய்வில் ஒரு விலக்கு தெரிந்தது. வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பெயர் பெற்ற கல்லூரியால் பயன் கிடைத்திருந்தது. பின்னர் வந்த அவர்களது இன்னொரு ஆய்வும் பெற்றோர் அதிகம் படிக்காத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதே பயனைக் காட்டியது. அமெரிக்க ஆய்வை அப்படியே தென்காசி மாவட்டத்துக்குப் பொருத்தக் கூடாது. அங்கே கட்டணமும் வேறு, வேலைச் சந்தையும் வேறு. இருந்தாலும் அதன் காரணம் நமக்குப் புரியக்கூடியதுதான். டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு வழி சொல்ல மாமா இருக்கிறார், சித்தப்பா இருக்கிறார். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கும் பீடி சுற்றும் தாயின் பிள்ளைக்கும் வழி சொல்ல ஆளில்லை. அந்தப் பிள்ளைக்கு மட்டும், நல்ல துறையும் நல்ல ஆசிரியரும் பல ஊர் நண்பர்களும் இல்லாத உறவினர்களின் இடத்தை நிரப்புகிறார்கள். ஆகவே, வெளியே போவதால் யாருக்கு அதிகப் பயன் கிடைக்கக்கூடுமோ, அவர்களைத்தான் நாம் தூரத்தைச் சொல்லி அதிகம் தடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இப்போது முதல் சோதனைக்கு வருகிறேன்: துறை. பெரிய பல்கலைக்கழகத்தின் உண்மையான செல்வம் அதன் துறைகளின் எண்ணிக்கை. டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூ முடித்தவர் அரபி, பாரசீகம், சீனம், ஜப்பான், கொரியா, ஜெர்மன் மொழிகளில் ஒன்றை இளங்கலைப் பட்டமாகவே படிக்கலாம். 1974இல் தொடங்கிய ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் பிளஸ் டூவிலிருந்தே ஐந்தாண்டு ஒருங்கிணைந்த முதுகலை, முதுஅறிவியல் படிப்புகள் உள்ளன. ஒரே வளாகத்தில் மொழியியலும் இயற்பியலும் பொருளியலும் இருக்கும்போது, பதினேழு வயதில் தேர்ந்தெடுத்த பாடம் மட்டுமே உலகம் என்று ஆகிவிடுவதில்லை. அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்பவர்களோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிடுவதும் ஒரு படிப்புதான். ஆராய்ச்சி என்பது நம்மைப் போன்றவர்கள் செய்யும் வேலைதான் என்று பிள்ளைக்கு அப்போது தெரிகிறது. ஆனால் பல்கலைக்கழகம் பெரியது என்பதால் அதில் உள்ள எல்லாத் துறையும் பெரியது என்று எண்ணிவிடக் கூடாது. தரவரிசைப் பட்டியலில் வரும் எண் முழு நிறுவனத்துக்கானது. உங்கள் பிள்ளை படிக்கப்போவது அதில் ஒரு துறையில். அந்தத் துறையின் இணையப் பக்கத்தைத் திறந்து ஒரு மணி நேரம் உட்காருங்கள். நிரந்தர ஆசிரியர்கள் எத்தனை பேர், தற்காலிக ஆசிரியர்கள் எத்தனை பேர்? விருப்பப் பாடங்கள் என்று எழுதியிருப்பவை இந்த ஆண்டு உண்மையில் நடக்கின்றனவா? இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் நம் ஊர்க் கல்லூரியில் இல்லாதது என்ன இருக்கிறது? இரண்டு பாடத்திட்டங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பி.காம். பொதுப் படிப்பு இரண்டிடத்திலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தால், அதற்காக இரண்டு நாள் ரயில் பயணம் தேவையில்லை.

இரண்டாவது சோதனை, விடுதி. இதை நான் கட்டணத்துக்கும் முன்னால் வைக்கிறேன். கட்டணம் குறைவு என்று கேள்விப்பட்டுப் போன பல குடும்பங்கள் தடுமாறிய இடம் இதுதான். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் கீழ் ஏறத்தாழ 90 கல்லூரிகள் உள்ளன. விடுதியே இல்லாத கல்லூரிகள் அவற்றில் பல. விடுதி இருக்கும் கல்லூரியிலும் சேர்ந்தவர் எல்லோருக்கும் இடம் கிடைக்காது. கிடைக்காதவர் கமலா நகரிலும் விஜய் நகரிலும் ‘பிஜி’ என்று சொல்லும் வாடகை அறைகளுக்குப் போகிறார்கள். அங்கே இருவர், மூவராக ஒரு அறையில் இருக்க வேண்டும். சாப்பாடு சேராமல் போகலாம். வாடகையும் முன்பணமும் தனி. இதற்கு மாறாக ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஐதராபாத், அலிகார் போன்றவை வளாகத்துக்குள் தங்கிப் படிப்பதை அடிப்படையாக வைத்து வளர்ந்தவை. அங்கும் முதலாண்டிலேயே எல்லோருக்கும் அறை உண்டா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதி என்பது படுக்க ஓர் இடம் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். முதல் செமஸ்டரில் காய்ச்சல் வந்தால் யார் கதவைத் தட்டுவார்கள் என்பதும், இரவு பத்து மணிக்கு நூலகத்திலிருந்து எப்படித் திரும்புவது என்பதும், ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் யாரோடு பேசிப் பழகுவார் என்பதும் விடுதியைப் பொறுத்தவை. சேர்க்கைக் கடிதம் வந்தால் போதாது. விடுதியில் இடம் உறுதி என்ற கடிதமும் வர வேண்டும். அது வரும்வரை முடிவைத் தள்ளிப்போடுங்கள் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாவது சோதனை, முழுச் செலவு. இதில் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகத்துக்குச் சொந்த மாநிலத்தார் வரி கட்டுகிறார்கள் என்பதால் வெளிமாநிலத்தாரிடம் பல மடங்கு கட்டணம் வாங்குகிறார்கள். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அது மூன்று மடங்குக்கும் மேல். அந்தப் பணத்துக்காக வெளியாட்களை அதிகம் சேர்க்கிறார்கள் என்று சொந்த மாநிலத்தார் குறைப்பட்டதால், கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2017இல் தன் பெரும்பாலான வளாகங்களில் வெளிமாநில, வெளிநாட்டு இளங்கலை மாணவர் பங்கை நூற்றுக்கு 18 என்று வரம்பிட்டது. நம் மத்தியப் பல்கலைக்கழகங்கள் நாடு முழுவதன் வரிப்பணத்தில் நடப்பவை. கடையநல்லூர்க்காரருக்கும் கான்பூர்க்காரருக்கும் அங்கே ஒரே கட்டணம். பிற மாநிலங்களின் சொந்தப் பல்கலைக்கழகங்கள் வேறு. அவற்றில் அந்தந்த மாநிலத்தாருக்கு முன்னுரிமை இருப்பது வழக்கம், நம்மிடமும் அப்படித்தானே. எனவே செலவு என்றால் இங்கே கட்டணத்தைவிட வாழ்க்கைச் செலவுதான். கணக்குப் போடும் முறையை மட்டும் காட்டுகிறேன். அறைக்கும் சாப்பாட்டுக்கும் மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், பத்து மாதத்துக்கு 1,20,000, மூன்றாண்டுக்கு 3,60,000. வளாக விடுதி கிடைத்து அது மாதம் 5,000இல் முடிந்தால் மூன்றாண்டுக்கு 1,50,000. ஒரே பல்கலைக்கழகம்தான், விடுதி ஒன்றினால் மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல் வேறுபாடு. இதோடு டெல்லியில் 2022 முதலும் கேரளத்தில் 2024 முதலும் நான்காண்டு இளங்கலை முறை வந்திருப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேற வழி உண்டு. நான்காம் ஆண்டு தேவையா என்று முதலிலேயே யோசித்திருந்தால் கணக்குத் தப்பாது.

செலவைப் பற்றிப் பேசும்போது கடனைப் பற்றியும் பேச வேண்டும். 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த பிரதமர் வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்கல்வி நிறுவனங்களில் இடம் பெறுபவருக்குச் சொத்துப் பிணையும் ஜாமீன்தாரரும் இல்லாமல் கல்விக் கடன் தர வழி செய்கிறது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்தால், 10 லட்சம் வரையான கடனுக்கு, தவணை தொடங்காத படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி மானியம் உண்டு. வட்டியே கூடாது என்று மார்க்க அடிப்படையில் விலகி நிற்கும் குடும்பங்கள் இந்த ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு இந்த வழி பொருந்தாது என்பதை நான் மதிக்கிறேன். அவர்கள் உதவித்தொகையை முதலில் தேட வேண்டும். மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேரும் பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட, சீர்மரபின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசு உதவித்தொகை தருகிறது. குடும்ப வருமான வரம்பு உண்டு. நம் வகுப்புக்கும் அது பொருந்துமா, இந்த ஆண்டு வரம்பு என்ன என்பதைத் தென்காசியில் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள நலத்துறை அலுவலரிடம் நேரில் கேட்டு, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குக் கைகொடுக்கும் ஊர், படிப்புக்கும் கைகொடுக்க முறையான ஏற்பாடு செய்யலாம் என்பது என் வேண்டுகோள்.

இந்த மூன்று சோதனைகளுக்கும் நேரம் வேண்டும். அந்த நேரம் தேர்வு முடிவு வந்த பிறகு கிடைக்காது. பெரும்பாலான மத்தியப் பல்கலைக்கழகங்களின் இளங்கலைச் சேர்க்கை 2022 முதல் ‘க்யூட்’ என்ற பொது நுழைவுத் தேர்வு வழியாக நடக்கிறது. அண்மை ஆண்டுகளில் அதற்கான விண்ணப்பம் ஆண்டின் தொடக்க மாதங்களிலேயே முடிந்துவிட்டது. மே மாதத்தில் பிளஸ் டூ முடிவைப் பார்த்துவிட்டு யோசிக்கத் தொடங்குபவருக்கு அந்தக் கதவு ஏற்கெனவே மூடியிருக்கும். அரையாண்டுத் தேர்வு நடக்கும் டிசம்பரிலேயே வீட்டில் இந்தப் பேச்சு நடக்க வேண்டும். நம் மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவரை இந்தத் தேர்வு பாதிக்கிறது என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2022 ஏப்ரலில் தீர்மானம் நிறைவேற்றியது. தேர்வு என்.சி.இ.ஆர்.டி. பாடத்தை ஒட்டி நடப்பதால் அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது என்றே நானும் கருதுகிறேன். ஆனாலும் கொள்கையை எதிர்ப்பவர் தேர்வை எழுதலாம். வினாத்தாள் தமிழிலும் கிடைக்கிறது. இன்னொரு தாளும் முன்கூட்டியே வேண்டும். நம் சாதிச் சான்றிதழ் மாநில அரசுக்கானது. அது 69 சதவீத ஒதுக்கீட்டின் கணக்கு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 27, ஆதிதிராவிடருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. இதர பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு ஒன்றிய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவில் இல்லை என்ற குறிப்போடு, தாசில்தார் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும்போதே ‘ஓ.பி.சி.’ என்று தெளிவாகச் சொல்லி, எந்த நிதியாண்டுக்கானது கேட்கிறார்கள் என்று பார்த்து வாங்குங்கள். பழைய சான்றிதழ் ஒன்றால் தகுதியுள்ள பிள்ளை பொதுப்பிரிவில் நிற்க நேரக் கூடாது.

இனி, எதிர்ப்புகளுக்கு வருகிறேன். ‘மொழி தெரியாத ஊரில் என்ன செய்வான்?’ என்பது முதல் கேள்வி. இது உண்மையான சிரமம். டெல்லியில் வகுப்பு ஆங்கிலத்தில் என்று எழுதியிருக்கும்; ஆசிரியர் பாதியில் இந்திக்குப் போய்விடுவதும் உண்டு. ஆனால் இந்தச் சிரமம் எல்லா இடத்திலும் ஒரே அளவல்ல. ஐதராபாத், புதுச்சேரிப் பல்கலைக்கழக வளாகங்களில் பல மாநிலத்தார் கலந்திருப்பதால் ஆங்கிலமே பொதுமொழி. திருவனந்தபுரத்தில் மலையாளம் நமக்கு ஆறு மாதத்தில் பிடிபடும். துபாய்க்குப் போய் அரபியும் உருதுவும் பேசக் கற்றுவந்த ஊரில், பதினெட்டு வயதில் இன்னொரு மொழி கற்பது முடியாத காரியம் என்று சொல்ல மாட்டார்கள். உண்மையான தடை ஆங்கிலம்தான். அதற்குப் பிளஸ் டூ விடுமுறையிலேயே உழைக்க வேண்டும். அந்த உழைப்பு உள்ளூரில் படித்தாலும் வேண்டியதுதான்.

‘பெண் பிள்ளையை எப்படி அனுப்புவது?’ என்பது இரண்டாவது கேள்வி. தாய் தகப்பனின் இந்தக் கவலையைப் பிற்போக்கு என்று சொல்லி ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பாதுகாப்பு குறித்த கவலை நியாயமானது. ஆனால் கவலைக்கு விடை விசாரணைதானே தவிர, தடை அல்ல. மலைக்கு அந்தப் பக்கம் பத்தனம்திட்டையில் பிறந்த ஃபாத்திமா பீவி, திருவனந்தபுரத்துக்குப் போய்ச் சட்டம் படித்து, 1950இல் வழக்கறிஞராகி, 1989இல் இந்திய உச்சநீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியானார். பின்னர் நம் மாநிலத்துக்கே ஆளுநராக வந்தார். முக்கால் நூற்றாண்டுக்கு முன் அந்தக் குடும்பம் எடுத்த முடிவு அது. அலிகாரில் 1906இல் ஷேக் அப்துல்லாவும் அவர் மனைவியும் தொடங்கிய பெண்கள் பள்ளி வளர்ந்து, இன்று பல்கலைக்கழகத்தின் மகளிர் கல்லூரியாக, தனி விடுதிகளோடு நிற்கிறது. ஆண் பிள்ளைக்குக் கேட்கும் மூன்று கேள்விகளையே பெண் பிள்ளைக்கும் கேளுங்கள். விடுதிக் கேள்வியை மட்டும் இன்னும் கண்டிப்பாகக் கேளுங்கள். வளாகத்துக்குள் மகளிர் விடுதி உறுதியாக இருந்தால், ஊரில் இருந்து தினமும் இரண்டு பஸ் மாறி இருட்டிய பின் திரும்பும் கல்லூரியைவிட அது பாதுகாப்பாகவே இருக்கக்கூடும்.

‘வெளியூரில் நம் பிள்ளையைச் சாதி சொல்லி, மதம் சொல்லி, நிறம் சொல்லி ஒதுக்கினால்?’ இது மூன்றாவது கேள்வி, எல்லாவற்றிலும் கனமானது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். உயர்கல்வி வளாகங்களில் பாகுபாடு நடக்கிறது என்பதால்தான் பல்கலைக்கழக மானியக் குழு 2012இல் அதைத் தடுக்க விதிமுறை கொண்டுவந்தது. விதி இருப்பதால் மட்டும் காயம் ஆறிவிடாது. தனிமையும் ஒதுக்கமும் சேர்ந்தால் கெட்டிக்காரப் பிள்ளையும் உடைந்துபோகும். அதனால்தான் விடுதியைப் பற்றி அவ்வளவு அழுத்திச் சொன்னேன். அதோடு, அந்த வளாகத்தில் தமிழ் மாணவர்கள் இருக்கிறார்களா, மனநல ஆலோசகர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். டெல்லியில் தமிழ்ச் சங்கம் 1946 முதல் இருக்கிறது; அப்படி ஒரு கதவு அந்த ஊரில் உண்டா என்று பாருங்கள். பிள்ளைக்கு ஓர் உறுதியும் கொடுத்து அனுப்புங்கள்: முடியவில்லை என்றால் திரும்பி வரலாம், ஓர் ஆண்டு போனால் போகட்டும், வீட்டில் யாரும் ஒரு சொல் சொல்ல மாட்டோம் என்று. திரும்பும் வழி திறந்திருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் அங்கே தாக்குப்பிடிக்கும் தெம்பு வரும்.

‘படித்தவர்கள் எல்லாம் வெளியே போனால் ஊருக்கு என்ன மிச்சம்?’ என்று கேட்பவரும் உண்டு. சிங்கப்பூரில் பள்ளி கட்டியவர்களின் ஊரில் இந்தக் கேள்விக்கு நான் விடை சொல்லத் தேவையில்லை. போனவர்கள் ஊரை மறப்பதும் மறக்காததும் நாம் அவர்களோடு வைத்திருக்கும் தொடர்பைப் பொறுத்தது. இன்று வெளிமாநிலத்தில் படிக்கும் நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அடுத்து வருபவருக்கு வழிகாட்டி. விடுமுறைக்கு வரும்போது அவர்களை இதுபோன்ற அவையில் உட்கார வைத்து, துறை எப்படி, மெஸ் எப்படி, முதல் மாதம் எவ்வளவு செலவானது என்று கேளுங்கள். விசாவைப் பற்றி இந்த ஊருக்கு வந்த அறிவு அப்படித்தான் வந்தது. ஒருவர் போய்வந்து சொல்ல, அடுத்தவர் கேட்டு வந்தது.

இங்கிருந்து டெல்லிக்கு எப்படிப் போவது என்று ஒருமுறை மனத்தில் போட்டுப் பாருங்கள். மாலையில் கடையநல்லூர் ஸ்டேஷனில் பொதிகையில் ஏறினால் மறுநாள் காலை சென்னை. அன்று இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். அதற்குப் பிறகு இரண்டாம் நாள் காலையில் புது டெல்லி. மூன்று இரவுகள். அந்த மூன்று இரவுகளும் நீளம்தான். பிளாட்பாரத்தில் நிற்கும் தாய்க்கு அவை இன்னும் நீளம். அந்த நீளத்துக்குத் தகுந்த ஏதோ ஒன்று மறுமுனையில் இருக்க வேண்டும்: இங்கே கிடைக்காத ஒரு துறை, பிள்ளையின் பெயர் எழுதிய ஒரு விடுதி அறை, குடும்பம் கடைசிவரை தாங்கக்கூடிய ஒரு கணக்கு. இந்த வாரமே வீட்டில் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து இந்த மூன்றையும் பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மூன்றுக்கும் எதிரே உறுதியான விடை நிரம்பினால், ரயில் டிக்கெட்டை நீங்களே எடுத்துக் கொடுங்கள். ஒன்று காலியாக நின்றால், பாளையங்கோட்டைக்கு மனநிறைவோடு அனுப்புங்கள். அங்கே மூன்றாண்டு நன்றாகப் படித்தவருக்கு முதுகலைப் படிப்பில் அதே டெல்லியும் ஐதராபாத்தும் மறுபடி கதவு திறக்கும். எது ஆனாலும், இந்தக் கடையநல்லூரில் ஒரு பிள்ளையின் படிப்பு விசாரிக்கப்படாமல் முடிவாகக் கூடாது. இதைச் சொல்லத்தான் வந்தேன்.